மண்டிக்கு இணையத்தில் ஒரு பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். சைக்கிள் கடைக்கு மேல் மாடி, மூன்று கம்ப்யூட்டர்கள், அதில் ஒன்று ஓடும். ஆனாலும் ஊரில் என்னை 'சார்' என்றார்கள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மிளகாய் வத்தல் மண்டி நடத்திய அண்ணன் தம்பி இருவரில் தம்பிக்குப் புதுசு எதுவானாலும் பிடிக்கும். மண்டிக்கென்று இணையத்தில் ஒரு பெயர் பதிந்து தரச் சொன்னார். பதிந்தேன். உரிமையாளர் யார் என்று கேட்ட கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். அப்போது ஈமெயில் வைத்திருந்தது நான் மட்டும்தான் என்று பிற்பாடு காரணம் சொன்னேன். உண்மையில், பெயர் பதிகிற அமெரிக்கக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் என் பெயரைப் பார்க்க எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

மறுவருஷம் இருவரும் பாகம் பிரித்தார்கள். அவர்கள் வழக்கப்படி மூத்தவர் இரண்டு சீட்டில் பங்கு எழுதி வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். தராசு, சாக்கு, போன், பரளச்சிப் பக்கத்துக் குடோன் எல்லாம் சீட்டில் ஏறின. கண்ணில் படாத பொருள் என்பதால் இணையப் பெயர் எதிலும் ஏறவில்லை. தம்பி குடோன் இருந்த சீட்டை எடுத்தார். கடைப் பலகை அண்ணனுக்குப் போயிற்று. பலகை யாருக்கோ பெயரும் அவருக்கே என்றார் அண்ணன். தம்பிக்கோ, கொழும்பு வியாபாரி அந்தப் பெயரில் இருந்த ஈமெயில் முகவரிக்குத்தான் ஆர்டர் எழுதுவார். அது கைவிட்டுப் போனால் புதுக் கடைக்கு அந்த வருஷ வியாபாரமே இல்லை.

இருவரும் தனித்தனியாக என் மாடிப்படி ஏறினார்கள். எனக்கு ஒரே பெருமை. உடனே முடிவு சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று, 'பார்க்கலாம்' என்றே மூன்று வாரம் ஓட்டினேன். அதற்கு மேல் தாங்காமல் பொறுப்பை அமெரிக்காவின் தலையில் கட்டினேன். இந்தத் தகராறை நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது: எங்களிடம் பதிந்திருக்கும் உரிமையாளர் ஒருவர்தான், அவரிடமே பேசிக்கொள்ளவும். கீழே என் பெயர் இருந்தது.

வழக்கைத் தீர்க்க அவர்கள் சமூகத்தின் உறவின்முறை மண்டபத்தில் பெரியவர்கள் கூடி என்னையும் அழைத்தார்கள். அமெரிக்கா என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். நான் சர்வர், ரிஜிஸ்ட்ரார் என்று சுற்றி வளைத்தேன். ஒரு பெரியவர் விடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். இப்ப அது யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்" என்றேன். அவர்கள் பார்த்த பார்வையில் நான் அண்ணன் தம்பி சொத்தை நடுவில் புகுந்து அமுக்கியவன் ஆகிவிட்டேன். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்தது.

கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காத அண்ணன், தம்பி பக்கம் திரும்பினார்.

"கொழும்புக்காரவுக உனக்குத்தான எழுதுறாக? நீயே வச்சுக்க. வெளியாளு கையில கெடக்குறதுக்கு உங்கிட்டயே இருக்கட்டும்."

மூன்று வாரம் நான் சுமந்த வழக்கு அத்தோடு முடிந்தது. பிறகு என்னிடம், கோபமே இல்லாமல், விவரம் கேட்பவராகக் கேட்டார்.

"சார், எங்களோடது வேற எதுவும் உங்க பேர்ல இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். அந்தக் கூட்டத்தில் வேறு மூன்று கடைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் நான்தான் பெயர் பதிந்து கொடுத்திருந்தேன். மூவரும் எழுந்து என் பக்கம் வந்தார்கள்.