ஷூவுக்கு நேட்டிவிட்டி

எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. வீட்டுக்காரர் அதைக் குறையாகச் சொல்வார். பத்தில் ஒன்பது தடவை எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது, அதனால் நான் மாற்றிக்கொள்ளவில்லை. இங்கே சொல்லப் போவது அந்தப் பத்தாவது தடவையைப் பற்றி.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் ஒரு ஷூ கம்பெனி. கடலோரக் குப்பங்களிலிருந்து முப்பத்திரண்டு பெண்கள் அங்கே தையல் லைனில் இருந்தோம். ஷூவில் பாதத்தை மேலே மூடுகிற பாகத்துக்கு அப்பர் என்று பெயர். வெட்டிய தோல் வரும், நாங்கள் அதைத் தைத்து அப்பராக்குவோம். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ். உப்பளங்களைத் தாண்டும் வரை ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, அப்புறம் எல்லாரும் தூக்கம். பத்து வருஷம் இப்படிப் போனது. எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள் என் தெருக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள். நான் வேகம், அவள் சுத்தம். லைனிலேயே நல்ல கை அவளுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

பிறகு ஒருநாள் மீட்டிங் போட்டார்கள். கிழக்கே ஒரு நாட்டோடு நம் நாட்டுக்கு ஃப்ரீ டிரேட் ஒப்பந்தம் இருக்கிறதாம். அங்கிருந்து வரும் அப்பருக்கு இங்கே சுங்க வரி கிடையாதாம். தைத்து முடித்ததையே பெட்டி பெட்டியாக இறக்கினால், நாங்கள் தைப்பதைவிட மலிவாக முடிகிறதாம். இங்கே ஷூவின் அடியை ஒட்டிப் பெட்டியில் போட்டால் போதும். சொன்ன மேனேஜர் முகத்தில் வருத்தம் இருந்ததை நான் மறுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பின்சீட்டுக்காரி ஒருத்தி கேட்டாள். "ஃப்ரீன்னாங்களே, நமக்கு இன்னா குடுப்பாங்க?"

மிக்சி, கிரைண்டர், பஸ் டிக்கெட் என்று ஃப்ரீயாக வாங்கிப் பழகிய ஊர். கேட்கத்தான் செய்வாள்.

"நம்மளத்தான் ஃப்ரீயா வுட்டுட்டாங்க. வூட்டுக்குப் போலாம்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு பேரைப் பேக்கிங்கில் வைத்துக்கொண்டார்கள். சீனியர் என்பதால் நானும் அதில் ஒருத்தி. மீதி இருபது பேருக்கு வேலை போனது. சிலர் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் அறை பெருக்கப் போனார்கள். என் பக்கத்து மெஷின்காரி உப்பு வாரப் போனாள்.

எனக்குக் கிடைத்தது லேபிள் மேஜை. முடிந்த ஷூவில் லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்கின் உள்பக்கம் 'மேட் இன் இந்தியா' என்று லேபிள் ஒட்ட வேண்டும். அந்தத் தையல் எங்கள் தையல் இல்லை என்று பார்த்ததுமே தெரியும். ஒட்ட ஒட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அடி இங்கதானக்கா ஒட்டுறோம்" என்பார் சூப்பர்வைசர். கோட்டக்குப்பத்துக்காரர். அண்ணன்கள் எல்லாம் துபாயில் இருக்க, தான் ஊரிலேயே பிழைத்துக் காட்டுவதாக வீட்டில் சவால் விட்டவர். அவரிடம் கோபித்து என்ன ஆகப் போகிறது.

சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும்போது என் பக்கத்து மெஷின்காரியைப் பார்ப்பேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் புண்ணாகியிருந்தது. விரல் நுனி காய்த்துப் போயிருந்தது. கேட்டால் கிண்டல் பண்ணுவாள்.

"எனக்கு இன்னாக்கா? உப்ப யாரும் வெளிநாட்டுலேந்து எறக்க மாட்டான்."

ஆனால் பேசிக்கொண்டே தன் புடவை ஓரத்தை மடித்து மடித்து விரலால் அளவு பார்ப்பாள். தையல் போடுவதற்கு முன் நாங்கள் தோலை அளக்கிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போய் யார் மேலாவது எரிந்து விழுவேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"அக்கா, மேற்கே ஒரு நாட்டோட புது ஒப்பந்தம் போட்டிருக்காங்க. நம்ம சரக்குக்கு அங்க வரி கிடையாது. வியாழக்கிழம ஒன்பது மணிக்கு அங்கேந்து ஷூ வாங்குற பையர் கம்பெனி மேடம் வர்றாங்க. பழைய லைன் மொத்தமும் இங்க இருக்கணும். ஆரிஜின் சர்டிபிகேட் இல்லன்னா அங்க வரி கட்டணும், அப்ப ஆர்டர் நமக்கு இல்ல. ஆரிஜின் இங்கதான்னு காட்டிட்டோம்னா தையல் லைனத் திரும்பத் தெறக்கறாங்க."

அதற்குள் யாரோ கூப்பிட, ஓடிவிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

கம்பெனி திறந்த புதிதில், உள்ளூர்க்காரர்களுக்குத்தான் வேலை என்று எங்கள் எல்லாரிடமும் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்கினார்கள். பூர்வீகம் இந்த ஊர்தான் என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட காகிதம். ஆரிஜின் என்றால் பூர்வீகம், பூர்வீகம் என்றால் நேட்டிவிட்டி. பழைய காகிதம் பாதிப் பேரிடம் மழையில் போயிருக்கும், எல்லாரும் புதிதாக எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து முப்பத்தொரு பேருக்கும் போன் போட்டேன்.

முப்பது பேர் சரி என்றார்கள். உப்பு வாரப் போன அவள் மட்டும் மாட்டேன் என்றாள்.

"திரும்பத் தூக்கிப் போட்டாங்கன்னா? இன்னொரு தபா என்னால அழ முடியாதுக்கா."

"பேப்பர் சரியா இருந்தா வேல நிச்சயம்டீ. நான் சொல்றேன்ல" என்றேன். நான் சொன்னேன் என்பதற்காகத்தான் அவள் வந்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, இ-சேவைக் கடை வாசலில் ரேஷன் கார்டும் ஆதாருமாக முப்பத்திரண்டு பேர் நின்றோம். ஒரு மணி நேரத்தில் மனு போட்டு ரசீதோடு போய்விடலாம் என்பதும் என் யோசனைதான். ஒன்பதேகாலுக்கு ஏழு பேர்தான் முடிந்திருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல எதுக்குங்க நேட்டிவிட்டி?"

"ஷூவுக்கு."

"ஷூவுக்கு நேட்டிவிட்டியா?" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டபோது என் போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"அக்கா, மேடம் வந்து உக்காந்திருக்காங்க. தையல் ஹால்ல ஒரு ஆள் இல்ல. எங்க இருக்கீங்க?"

சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஆரிஜின் உங்களுக்கு இல்லக்கா. ஷூவுக்கு. அப்பர இங்க தைக்கிறோம்னு அவங்க கண்ணால பாக்கணும். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். மாட்டேன் என்றவள் வரிசையின் கடைசியில், கையில் ரேஷன் கார்டை நெஞ்சோடு பிடித்தபடி நின்றிருந்தாள்.

அழுவதற்கு நேரமில்லை. திண்டிவனம் பக்கம் போகிற காலி உப்பு லாரி ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தினேன். டிரைவர் மாட்டேன் என்று சொல்வதற்குள் பத்துப் பேரை ஏற்றிவிட்டேன். முப்பத்திரண்டு பேரும் நின்றுகொண்டே போனோம். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

பத்தரைக்கு ஹாலுக்குள் நுழைந்தோம். சூப்பர்வைசரிடம் எல்லார் முன்னாலும் தப்பு என்னுடையது என்றேன். அந்த வெளிநாட்டு மேடம் எங்கள் கால்களைப் பார்த்தார், உப்பு ஒட்டியிருந்தது. பிறகு என் மேஜையிலிருந்து ஒரு ஷூவை எடுத்துத் தையலை நகத்தால் தடவி ஏதோ கேட்டார்.

"இந்த அப்பர தைச்சது யாருன்னு கேக்கறாங்க" என்றார் சூப்பர்வைசர். அவர் கண் மேனேஜர் பக்கம் போனது. மேனேஜர் கண் தரைக்குப் போனது.

"நாங்க இல்லைங்க. அது வெளியிலேந்து வருது. நாங்க தைச்சா இப்படி இருக்காது" என்றேன்.

சூப்பர்வைசர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டார். மேடம் ஏதோ எழுதிக்கொண்டு, இரண்டு வருஷமாகத் துணி போர்த்தியிருந்த மெஷின்களைக் காட்டினார். தைத்துக் காட்டுங்கள் என்பதுதான், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

நான் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ஊசியை ஒடித்தேன். பக்கத்து மெஷினில் அவள் முதல் அப்பரை முடித்தாள், கோணல். காய்ந்த விரலுக்குத் தோலின் ஓரம் பிடிபடவில்லை என்று தெரிந்தது. இரண்டாவதும் கோணல். மேடம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். எழுந்து வந்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் விரலை வாயில் வைத்து ஈரப்படுத்தி, முந்தானையில் துடைத்து, மூன்றாவதை எடுத்தாள். அந்த மூன்றாவதை மேடம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஆர்டர் வந்தது. இருபத்தெட்டுப் பேர் திரும்பினோம், நாலு பேர் ரிசார்ட் வேலையே போதும் என்றுவிட்டார்கள். எங்கோ இரண்டு பேர் போடும் கையெழுத்தில் எங்கள் வேலை போகிறது, வருகிறது. நாளைக்கு இன்னொரு கையெழுத்து வரலாம். வரட்டும். இந்த ஹாலில் என்ன தைக்க முடியும் என்று எனக்குத் தெரியும், இந்தத் தடவை நிஜமாகவே தெரியும். கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்வேன்.

லைன் திறந்த வாரம் லேபிள் மேஜையையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். எங்கள் அப்பர் போட்ட முதல் ஜோடி என் மேஜைக்கு வந்தது. லேபிளை உரித்தேன். ஒட்டவில்லை. மெஷினிலிருந்து அவளைக் கூப்பிட்டு விரலில் கொடுத்தேன்.

"நீ ஒட்டு."

சுத்தத்துக்குப் பேர்போனவள், கோணலாக ஒட்டினாள்.

"அய்யோ, கோணலாயிடுச்சேக்கா."

அப்படி ஒட்டினால் பிரித்துத் திரும்ப ஒட்டச் சொல்கிறவள் நான்தான். அந்த ஜோடியை அப்படியே பெட்டியில் வைத்து மூடினேன்.