சர்வீஸ் சார்ஜுக்கு ஒரு பொன்னாடை

மாதக் கடைசி நாளில் நெய்வேலிக்கு வந்து பாருங்கள். சாயங்காலம் எந்த பிளாக்கில் நின்றாலும் பட்டாசுச் சத்தம் கேட்கும். கல்யாணமா? இல்லை. கட்சிக்காரர் யாராவது ஜெயித்தாரா? அதுவும் இல்லை. யாரோ ரிடையர் ஆகியிருக்கிறார். கழுத்து தெரியாமல் மாலை, மாலைக்கு மேல் பொன்னாடை, அதற்கு மேல் இன்னொரு பொன்னாடை... வேர்த்து வழிய ஒரு மனிதர் காரில் உட்கார்ந்து குவார்ட்டர்ஸுக்கு வந்துகொண்டிருப்பார்.

போன மாதம் அப்படி வந்தவர் மயில்சாமி அண்ணன். சுரங்கத்தில் என் வீட்டுக்காரரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கோபம் என்றால் என்னவென்று தெரியாது. சாப்பாடு என்றால் நன்றாகத் தெரியும். மாலை மரியாதை எல்லாம் முடிந்ததும், நெருங்கியவர்களைக் குடும்பத்தோடு ஓட்டலுக்குக் கூப்பிட்டார். மெயின் பஜார் பக்கம் மாடியில் புதிதாக ஏ.சி. ஹால் கட்டியிருக்கிற ஓட்டல். பெயர் வேண்டாம். சொன்னால் முதலாளிக்கு விளம்பரம், எனக்கு வக்கீல் நோட்டீஸ்.

ஹால் நிறையக் கூட்டம். நாலைந்து மேஜைகளில் எங்களைப் போலவே ரிடையர்மென்ட் கோஷ்டிகள். பார்த்தாலே தெரியும் – நடுவில் உட்கார்ந்திருப்பவர் நெற்றி நிறைய சந்தனம், பக்கத்து நாற்காலியில் ஒரு பை நிறையப் பொன்னாடை.

எங்களுக்குப் பரிமாறியது அஞ்சலை. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமம். தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். முன்பெல்லாம் நடவுக்கும் களையெடுப்பிற்கும் போய்க்கொண்டிருந்தவள். அந்த வேலை குறைந்துபோய் இங்கே சேர்ந்திருக்கிறாள். எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அவளை 'அவள்' என்று எழுதுவது அவள் என்னை அக்கா என்று கூப்பிடுகிற உரிமையில்தான். மரியாதை இல்லை என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

அன்றைக்கு அவள் முகம் சரியில்லை. சிரித்தாள், ஆனால் பல் மட்டும்தான் சிரித்தது.

சாப்பிட்டு முடித்தோம். சோம்புத் தட்டோடு பில் வந்தது. பணம் கொடுக்க வேண்டியவர் மயில்சாமி அண்ணன். ஆனால் பில்லை எடுத்தவர் என் வீட்டுக்காரர். திருநெல்வேலிக்காரர். சர்வீஸில் இருந்தவரை தொழிற்சங்கத்தில் நிர்வாகி. சம்பள ஒப்பந்தங்களைப் படித்துப் படித்து, எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் அடியிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார். வில்லங்கத்தைக் கீழேதான் வைத்திருப்பார்களாம்.

வைத்திருந்தார்கள்.

"என்னவே இது... சர்வீஸ் சார்ஜ் பத்து பர்சென்ட்?"

கல்லாவிலிருந்து முதலாளியே எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம், வாய் நிறைய 'சார்'.

"புதுசா போட்டது சார். பெரிய ஊர்ல எல்லாம் இருக்குது. வேலை செய்யறவங்களுக்குத்தான் போவுது."

"கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாதுன்னு கவர்மென்ட்டே சொல்லியாச்சு. தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியாததா சார்? பாவம், ஏழைங்க... நாம குடுத்தாத்தானே?"

'நாம' என்று சொன்னதைக் கவனித்தீர்களா? காசு எங்களுடையது. தர்மம் மட்டும் 'நாம' செய்வதாம்! சொல்லிவிட்டு அவர் கல்லாவுக்குப் போய்விட்டார்.

இங்கே மேஜை இரண்டாகப் பிளந்தது. ஒரு கோஷ்டி, போட்டது சரிதான் என்றது. "டிப்ஸுங்கறது கான்ட்ராக்ட் மாதிரி. இன்னைக்கு வரும், நாளைக்கு வராது. சர்வீஸ் சார்ஜுன்னா பர்மனென்ட். அவங்களுக்கு அதுதானே நல்லது?" எங்கள் ஊரில் உலகத்தில் உள்ள எல்லாமே ஒன்று பர்மனென்ட், இல்லாவிட்டால் கான்ட்ராக்ட். மருமகனைப் பற்றிக்கூட அப்படித்தான் விசாரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. "கட்டாயமா வாங்கினா அதுக்குப் பேரு டிப்ஸ் இல்லவே, வரி. எனக்கு மனசு வந்தா நான் வைப்பேன். என் மனசுக்கு இவன் யாரு ரேட் போட?"

"ஏனுங்க... நானே மொத்தமாக் குடுத்தர்றனுங்க. ஐஸ்கிரீம் உருகுதுங்க" என்றார் மயில்சாமி அண்ணன், தன் விழாவில் தன்னை யாருமே கவனிக்காத வருத்தத்தோடு.

இது இப்போதைக்கு முடியாது என்று நான் கை கழுவப் போனேன். பின்னாலேயே டம்ளர் அடுக்கோடு அஞ்சலை வந்தாள். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது.

"அக்கா, சாரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கக்கா."

"ஏன்? உனக்கு வர்ற காசை அவர் தடுக்கிறாரேன்னா?"

"எங்கக்கா வருது? ஒத்த ரூவா கண்ணால பாக்கல. அது போட்டதுலேருந்து டேபிள்ல வைக்கறவங்களும் வைக்கறதில்ல. 'அதான் பில்லுலயே புடுச்சிக்கினீங்களே'ன்னுட்டுப் போயிடறாங்க. அதுவும் போச்சு, இதுவும் வரல."

"முதலாளிகிட்ட கேட்க வேண்டியதுதானே?"

"ஒரு பொண்ணு கேட்டுச்சு. மறுநாள்லேருந்து வரவேணாம்னுட்டாரு. கஸ்டமருங்ககிட்ட வாயத் தொறந்தாலும் அதே கதிதான்னு சொல்லிக்கினே இருக்காரு."

எனக்குக் காது சூடானது. அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"சம்பளம் அப்படியே வூட்டுக்குப் போயிடுதுக்கா. மகளிர் குழுவுக்குக் கட்டணும், மளிகைக்குக் கட்டணும். டேபிள்ல கெடைக்கறது ஒண்ணுதான் என் கையில நிக்கற காசு. யாரையும் கேக்காம ஒரு முழம் பூ வாங்குவேன். பஸ்ஸு வுட்டுட்டா ஷேர் ஆட்டோவுல போவேன். இப்ப அதுவும் இல்ல. இதுல சாரு சண்டை போட்டாருன்னா, நான்தான் போட்டுக் குடுத்தேன்னு என் வேலையும் போயிடும்."

குழாயை மூடினாள். போய்விட்டாள்.

எனக்கு நாசூக்கு வராது என்பது வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நேராகப் போய் கல்லா மேல் கையால் ஓங்கித் தட்டி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வார்த்தைகள் தயாராகவே இருந்தன. இரண்டு மூன்று அச்சில் ஏற்ற முடியாதவை. ஆனால் நான் கத்தினால் என் கோபம் தீரும், அவள் வேலை போகும். கத்தாமல் கோபப்படுவது எப்படி? எனக்கு யாருமே சொல்லித்தரவில்லையே!

மேஜைக்குத் திரும்பினேன். அதற்குள் மொத்தப் பில்லும் கட்டியாகியிருந்தது. மயில்சாமி அண்ணன் பக்கத்து நாற்காலியில் அந்தப் பை. உள்ளே பொன்னாடைகள். பச்சை, சிவப்பு, ஜரிகை போட்டது, ஜரிகை போட்டதுபோல் நடிப்பது...

வீட்டுக்காரர் காதில் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். "அவனுக்கா? பொன்னாடையா?" அப்புறம் மெதுவாகப் புரிந்தது. கண் பளபளத்தது. ரிடையர் ஆனதிலிருந்து அந்தப் பளபளப்பை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அது ஒரு கூட்டம். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் தானாக வந்துவிடும். இவர் எழுந்து நின்று கரண்டியால் டம்ளரைத் தட்டினார். ஹால் முழுக்க ரிடையர்மென்ட் கூட்டம்தானே? பழக்க தோஷத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"நண்பர்களே! எத்தனையோ முதலாளிகளை நாம் பார்த்திருக்கிறோம். போனஸ் என்றதும் போனை அணைத்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் தொழிலாளி கேட்காமலே, பில்லில் பத்து பர்சென்ட் வாங்கி, அதை அப்படியே தொழிலாளியின் கையில் கொடுக்கிற ஒரு முதலாளியை இன்றைக்குத்தான் பார்க்கிறோம்!"

கைதட்டல் என்றால் கைதட்டல். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, 'எனக்கு எதுக்கு இதெல்லாம்' என்கிற முகத்தோடு வேகமாக வந்தார். மயில்சாமி அண்ணன் ஒரு பச்சைப் பொன்னாடையைப் போர்த்தினார். "ரொம்ப சந்தோசமுங்க. நல்லா இருங்க." அவருக்கு விஷயமே தெரியாது. மனசாரப் போர்த்தினார். அதுதான் விசேஷம்.

"இப்போது" என்றார் இவர், மைக் இல்லாத குறையே தெரியாமல், "எங்கள் மேஜைக்கு உண்டான சேவைக் கட்டணத்தை, முதலாளி அவர்கள் தம் பொற்கரங்களால் நம் முன்னிலையில் வழங்குவார்!"

பொன்னாடைக்குள் ஒரு முகம் வாடியதை நான் வெகு அருகில் இருந்து பார்த்தேன். ஐஸ்கிரீமைவிட நன்றாக இருந்தது.

"அது... உடனே இல்ல சார்... மாசக் கடைசில மொத்தமாக் குடுக்கறதுதான் வழக்கம்..."

பக்கத்து மேஜையிலிருந்து, சந்தனம் பூசிய நெற்றிக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"இன்னைக்கு மாசக் கடைசிதாங்க!"

ஹால் குலுங்கியது. வேறு வழி? கல்லா திறந்தது. நோட்டுகளை எண்ணி அஞ்சலை கையிலும், கூடப் பரிமாறிய இன்னொரு பெண் கையிலும் கொடுத்தார். நான் போட்டோ எடுத்தேன். "கொஞ்சம் சிரிங்க" என்றேன். சிரித்தார், பாவம்.

அத்தோடு நின்றதா? "எங்க டேபிளுக்கும் குடுக்கணும்ல!" என்று அடுத்த கோஷ்டி பொன்னாடையோடு எழுந்தது. அதற்கு அடுத்த கோஷ்டியும். பொன்னாடைகளைத் தலையில் கட்ட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவர்களுக்கு! வீட்டுக்குக் கொண்டுபோனால் பீரோவில் இடமில்லை என்று திட்டு விழுமே? ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு தடவை கல்லா திறந்தது.

அஞ்சலை என் பக்கம் திரும்பவே இல்லை. கெட்டிக்காரி.

ஆனால் எனக்கு உதறல் இருந்தது. ஊரே சிரித்தாயிற்று. மறுநாள் முதலாளி யோசித்துப் பார்த்து, யார் சொல்லி வந்தது இது என்று தோண்டினால்? விளையாட்டு எங்களுக்கு, வேலை போவது அவளுக்கு. அவளிடம் போன் நம்பரும் வாங்கி வைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து, டிபன் சாப்பிடலாம் என்று இவரைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

படியேறும்போதே தேடினேன். ஜன்னலோர மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாடா!

"என்னடி ஆச்சு?"

தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்தாள். "எடுத்துட்டாருக்கா அந்தச் சார்ஜை. 'கையில குடுக்கறதுக்கு எதுக்கு வாங்கணும்'னு கேஷியருகிட்ட சொன்னாராம்."

"உன்மேல சந்தேகம்?"

"அய்ய... என்னைக் கூப்ட்டு, 'அந்த சாரு நல்ல மனுஷன், வந்தா நல்லாக் கவனி'ன்னாரு. அன்னிக்குப் பேசுனதெல்லாம் நெசம்னு நெனச்சிக்கினு இருக்காருக்கா!"

புகழ்ச்சியைச் சந்தேகப்பட்ட முதலாளியை நானும் இதுவரை பார்த்ததில்லை.

"இப்ப டேபிள்ல வைக்கறாங்களா?"

"சில பேரு வைக்கறாங்க. சில பேரு வைக்கறதில்ல. வைக்கறது என் கைக்கு வருது. அது போதும்."

ஆக, டிப்ஸ் கட்டாயமா, இஷ்டமா? பட்டிமன்றம் எல்லாம் வேண்டாம். கட்டாயமாக்க வேண்டியது சம்பளத்தை. ஒழுங்கான சம்பளத்தை முதலாளி கொடுக்கட்டும், நம் தோசையிலிருந்து பிய்த்துக் கொடுக்க வேண்டாம். கட்டாயமாக வாங்குகிற காசு கல்லாவுக்குள் போனால், எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று நமக்குத் தெரியாது. மேஜையில் வைக்கிற பத்து ரூபாய்க்கு அந்தச் சந்தேகம் இல்லை. யார் துடைக்கிறார்களோ அவர்களுக்கு.

அதனால் என் ஓட்டு இஷ்டத்துக்கே. இப்படித் தீர்மானமாக நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பில்லும் மீதிச் சில்லறையும் வந்தன.

போராட்ட வீரர் பில்லை அடியிலிருந்து மேல்வரை படித்தார். சர்வீஸ் சார்ஜ் இல்லை. வெற்றிப் புன்னகை. ஒரு பிடி சோம்பை வாயில் போட்டுக்கொண்டார். சோம்புக்கு நடுவில் கிடந்த காசைக்கூட விடாமல் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டு, தட்டிப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? டேபிள்ல ஒண்ணும் வைக்கலையே?"

"அதான் கட்டாயம் இல்லைன்னு ஆக்கியாச்சுல்லா?"

"சரி, இஷ்டப்பட்டு வைங்க."

"இஷ்டம் வரணும்லா?"

துடைக்கிற துணியை வாயில் வைத்துக்கொண்டு அஞ்சலை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் எழுந்தேன். ஹால் பார்க்க அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அகப்பட்டதில் பெரிய நோட்டாகப் பார்த்து எடுத்து டம்ளருக்கு அடியில் வைத்தேன்.

"ஏட்டி! இது வழிப்பறி!" என்றார்.

இருக்கட்டும். என் ஓட்டில் ஒரே ஒரு திருத்தம்: டிப்ஸ் ஊருக்கெல்லாம் இஷ்டம், எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் கட்டாயம்!