சொல்ல முடியாத பெயர்

மருத்துவர்மேல் புகார் கொடுப்பவர் அந்த மருத்துவரின் முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுத வேண்டும். கண்ணால் கண்டதை மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் விதி அது. யுத்த காலத்தில் கொல்லிமலைக்கு முகாம் போன தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கு விதியெல்லாம் மனப்பாடம். காதுதான் கொஞ்சம் மந்தம்.

மலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் கூடாரம் அடித்திருந்தோம். அன்று மேகம் கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. காகிதம் நமுத்து, பேனா தொட்ட இடமெல்லாம் மை பூப்பூவாக விரிந்தது. எதிரே நின்ற பெண்ணின் முகம் தெரிவதும் கரைவதுமாக இருந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது. மிளகு பறிக்க ஏறிய அவள் கணவர் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். நினைவில்லாமல் கிடந்தவரை டோலி கட்டி அடிவாரத்து டாக்டரிடம் இறக்கினார்கள். டாக்டர் சீட்டாட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கம்பவுண்டர்தான் கட்டுப் போட்டார். விரல் கறுக்கிறது என்று அவள் மூன்று முறை போய்ச் சொல்லியும் டாக்டர் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் சேலத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"போன காலு போச்சுங்க சாமி. இன்னொருத்தரு அவருகிட்ட மாட்டக்கூடாது. இனிமே வைத்தியம் பாக்காதேன்னு சொல்ற ஆபீசு ஒண்ணு பட்டணத்துல இருக்குதாமே?"

இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். டாக்டர் பெயர் என்ன?

"அதை நான் எப்படிங்க சொல்றது?"

'பெயர் தெரியவில்லை' என்று முத்து முத்தாக எழுதினேன். மாஜிஸ்திரேட் முன் ரேகை வைக்க அவள் ஒரு பகல் முழுக்க மலையிறங்கி நடந்தாள். ஐந்து மாதம் கழித்து மனு திரும்பி வந்தது: பெயரில்லாத புகாரை ஏற்பதற்கில்லை.

அடுத்த முகாமில் அவள் வீட்டுக்கே போனேன். பெயர்கூடத் தெரியாமல் எப்படியம்மா புகார் கொடுப்பது என்று சலித்துக்கொண்டேன்.

"தெரியாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்? எப்படிச் சொல்றதுன்னுதானுங்க கேட்டேன்."

சாமை குத்திக்கொண்டிருந்த அவள் நாத்தனார் உலக்கையை நிறுத்திச் சிரித்தாள். "ஏனுங்க, எங்க அண்ணன் பேருதானுங்க அந்த டாக்டருக்கும். இவ வாயில அது வருமா? ஆபீசுக்காரருக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்களாட்டம்."

ஆகியிருந்தது. என் மனைவியும் ஒருநாள்கூட என் பெயரைச் சொன்னதில்லை.

கட்டிலில் கிடந்த கணவர் தன் பெயரை நிதானமாகச் சொன்னார், இரவல் தருவது போல. எழுதிக்கொண்டேன். மறுபடியும் அவள் மலையிறங்கினாள். மாஜிஸ்திரேட் மனுவை வாசிக்க, பெயர் வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். வாசித்ததெல்லாம் நிஜமா என்றதற்கு, "ஆமாங்க" என்றாள்.

என் இரண்டு வார்த்தையால் வீணான அந்த மாதங்களிலும் டாக்டர் சந்தை நாள் தவறாமல் கடை விரித்திருந்தார். யார் யார் போனார்கள், என்ன ஆனார்கள் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதன்பின் சர்வீஸ் முழுக்க 'தெரியவில்லை' என்று எழுதுமுன் பேனாவைக் கீழே வைத்து இன்னொரு முறை கேட்பேன். அப்போதெல்லாம் மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வருவது போலவே இருக்கும். டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டதாகக் கவுன்சிலின் பதில் வந்தது, முதல் மனு எழுதி ஒன்றரை வருஷம் கழித்து, ஆடிப் பதினெட்டாம் தேதி.