டீசல் அடித்த பெட்டி

என் மச்சானுக்கு மரியாதையாகக் கேவலப்படுத்தத் தெரியும். எத்தனை பேர் சுற்றி நின்றாலும் ஒரு "ங்க" கூடக் குறையாது. அவர் என் மனைவியின் அண்ணன். நாமக்கல்லுக்கு வெளியே அவர் வைத்திருந்த லாரி பாடி கட்டும் பட்டறையில் நான் வயரிங் வேலை பார்த்தேன். அவர் வீட்டுப் பின்பக்கத்து அறைகளில் குடியிருந்தேன். அதனால் அவர் பேசுவார், நான் கேட்டுக்கொள்வேன். எழுதும்போதுகூட அவரை "அவன்" என்று எழுதக் கை வரவில்லை. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். எங்கள் ஊருக்குக் கம்ப்யூட்டர் சென்டர் வந்த புதிதில் அதற்கு வயர் இழுத்தது நானும் என் மேஸ்திரியும். வேலை முடிந்ததும், காலில் தூசி என்று சொல்லி அதன் முதலாளி எங்களை வெளியே நிறுத்திவிட்டார். நாங்கள் மாட்டிய ப்ளக்கில்தான் கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியதைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

பல வருடம் கழித்துச் சேலத்தில் பழைய பேட்டரி வாங்கப் போன காயலான் கடையில், ஒரு சாக்கு நிறையச் சின்னப் பெட்டிகள் கிடந்தன. எடப்பாடிப் பக்கம் ஏதோ ஆபீஸில் கழித்தவை. தின் கிளையன்ட் என்றார் கடைக்காரர். வேலையெல்லாம் எங்கோ ஓர் அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் செய்யும். இது அதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். பெரியதை மாற்றினால் இது வெறும் டப்பா. அடியில் பன்னிரண்டு வோல்ட் என்று போட்டிருந்தது, பேட்டரியில் இருப்பதுபோலவே. எனக்குப் படிக்கத் தெரிந்த இங்கிலீஷ் அதுதான். சாக்கோடு வாங்கி வந்தேன்.

போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுக் கற்றேன். அன்று கண்ணாடிக் கதவு வழியே பார்த்த அந்தக் காலத்து டாஸ் சிஸ்டத்தைப் பென் டிரைவில் ஏற்றினேன். எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தேன். ஒரு பெட்டியின் உறுப்பைப் பிடுங்கி இன்னொன்றில் மாட்டி, கடைசியில் ஒரே ஒரு பெட்டி உயிரோடு நின்றது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, துடிக்கும் சின்னக் கோடு. பாம்பு விளையாட்டும் செங்கல் உடைக்கும் விளையாட்டும் அதில் ஓடின. மற்ற பெட்டிகளெல்லாம் இந்த ஒன்றுக்காகத் தீர்ந்துவிட்டன. இது போனால் வேறு கிடையாது. என்னிடம் இருந்ததில் மச்சான் கொடுக்காத பொருளும் இது ஒன்றுதான்.

பாடி கட்டி மிஞ்சிய தகட்டில் அதற்குக் கூடு அடித்தேன். திரை, பெட்டி, கீபோர்டு எல்லாம் ஒரே உடம்பு. சூடு போக முதுகில் ஓட்டைகள். மிஞ்சிய மஞ்சள் பெயிண்டும் பச்சைப் பெயிண்டும் அடித்து, நெற்றியில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினேன். பார்க்கக் குட்டி லாரி மாதிரியே ஆகிவிட்டது. அதுதான் வினையானது.

"ஏனுங் மாப்ள, மைலேஜ் எவ்வளவுங்க குடுக்குது?" என்றார் மச்சான், லாரிக்காரர்கள் நிற்கும்போது.

நான் வயரைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"நேஷனல் பர்மிட்டுங்களா, இல்ல நம்ம ஊட்டு வாசல் வரைக்குந்தானுங்களா?"

டிரைவர்கள் சிரித்தார்கள். டீ வாங்கித் தருகிறவர் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். மனைவியிடம் சொன்னேன். "அண்ணன் வெளையாட்டுக்குச் சொல்றாங்க. அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்களா?" என்றாள். விளையாட்டு அவருக்கு, மூஞ்சி எனக்கு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லாரிப் பட்டறைகளில் கழுவாமல் எதையும் விடமாட்டார்கள். பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சி, காய்வதற்குள் டீசல் துணியால் துடைப்பார்கள். அப்போதுதான் தகடு மினுமினுக்கும். அன்று காலையில் நான் திருச்செங்கோட்டில் ஒரு வண்டிக்கு லைட் மாட்டப் போயிருந்தேன். திரும்பியபோது, கழுவிய லாரிகளின் வரிசையில் கடைசியாக என் பெட்டி நின்றது. நன்றாக மினுமினுத்தது. முதுகு ஓட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. குனிந்தால் டீசல் வாடை.

"நாந்தானுங்க சொன்னேன்," என்றார் மச்சான். "நம்ம மாப்ள வண்டியும் வரிசைல நிக்கட்டும்னு."

"உள்ள கரண்டு சாமானுங்க, மச்சான்," என்றேன்.

"லாரிலயுந்தான் கரண்டு சாமான் இருக்குது. நீங்க போட்டதுதானுங்களே. மழைல நனையாத லாரி உண்டுங்களா?"

தெரியாமல் செய்தாரா, வன்மமா என்று அவர் முகத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. வன்மம் என்றே வைத்திருக்கிறேன்.

பெட்டியின் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி, பட்டறைக் கூரைத் தகரத்தின்மேல் பரப்பினேன். தண்ணீர் காய்ந்தது, டீசல் காயவில்லை. மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கிவந்து பல் பிரஷால் போர்டைத் தேய்த்தேன். மறுநாள் வெயில் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கீழே வாழைமரம் கட்டினார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் பூஜை தொடங்கும் நேரத்தில்தான் பூட்டி முடித்து இறக்கினேன்.

"மாப்ள வண்டிச் சக்கரத்துக்கும் ஒரு எலுமிச்சங்காய் வைங்கப்பா," என்றார் மச்சான்.

"சக்கரமே இல்லீங்களே," என்றான் வெல்டர். சிரிப்பு.

பேட்டரி வயரை மாட்டி சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. "போச்சு," என்று யாரோ ஒருவன் சொன்னான். பிறகு மேலே ஒரு வெள்ளை எழுத்து வந்தது. அடுத்த வரி வந்தது. கீழ்மூலையில் ஒரு கறை மட்டும் மிச்சம். கோடு துடித்தது.

மச்சான் கைதட்டினார். "பாத்தீங்களா? இத்தன நாளா இவரு நோண்டிட்டே கெடந்தாரு. ஒரு டீசல் அடிச்சு உட்டேன், கெளம்பிருச்சு."

எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், ஏதோ அவரே சரிசெய்துவிட்ட மாதிரி. அது செத்திருந்தால்கூட என்னுடையதாகவே செத்திருக்கும். இப்போது அது ஓடுவதும் அவர் கொடுத்ததாகிவிட்டது.

வயரைப் பிடுங்கினேன். நீட்டிய பொரியை வாங்காமல் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்தேன். எதிர்ப் பட்டறைக்காரரும் மச்சானும் பேசிப் பல வருடம்.

"வயரிங்குக்கு ஆள் வேணுங்களா?" என்றேன்.

"நீங்க அவரு மாப்ளதானுங்களே?"

"ஆமாங்க. அதனாலதானுங்க வாரேன். இத வெக்கறதுக்கும் கொஞ்சம் எடம் வேணுமுங்க."

கொடுத்தார், மச்சானைக் கடுப்பேற்றத்தான். எனக்கும் அதுவே போதுமாக இருந்தது. அந்த மாதமே வேறு வீட்டுக்குக் குடிபோனோம். மனைவி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மச்சான் இன்னும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதிதாக வரும் டிரைவர்கள் சாலையைக் கடந்து வந்து, "டீசல்ல ஓடற கம்ப்யூட்டர் இதுங்களா?" என்று கேட்கிறார்கள். நான் வயரைச் சீவிக்கொண்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும் அதைச் சாக்கில் கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.