கோவளத்துப் பாட்டைக் கேட்க ஒரு கடிதம்

2003 ஜூலை, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்குத் திருவான்மியூரில் பேருந்து ஏறினேன். சென்னையில் ஓர் ஆய்வு நூலகத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் எனக்கு வேலை. கோவளம் மீனவர்களின் வலை இழுக்கும் பாட்டுகளை ஊராரோடு சேர்ந்து பாதுகாப்பது எங்கள் திட்டம். தருவதாகச் சொன்ன ஜீப் வரவில்லை. டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். முட்டுக்காட்டில் படகுத்துறைக்கு வந்த கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. கோவளம் சேர்வதற்குள் தொடை மரத்துப்போனது.

பாட்டுகளைப் பாடிப் பதிந்தவர் மீன் விற்கும் பிலோமினாம்மாவின் கணவர். அவர் இறந்துவிட்டார். மிச்சமிருந்த கேசட்டுகளுக்காக வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்ததும் அந்த அம்மா கேசட் பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினார்.

“மொதல்ல எட்த்துகினு போனீங்களே மூணு கேசட்டு, அது இன்னா ஆச்சி? நான் கேக்கணும்.”

எனக்குத் தெரியாது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் அதிகாரியை அழைத்தேன்.

“பத்திரமா ஏசி ரூம்ல இருக்கு.”

“அந்தம்மா கேக்கணுமாம் சார். கேசட்டக் காப்பி போட்டுக் கொடுத்துடலாமே?”

“காப்பியெல்லாம் வெளிய போகாது. இங்க வந்து கேக்கட்டும். யாராவது பேராசிரியர்கிட்ட அறிமுகக் கடிதம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”

ரிசீவரை அறைந்து வைத்தேன். இதை எந்த முகத்தோடு சொல்வது? சொன்னேன்.

“என் வூட்டுக்காரு கொரல நான் கேக்க லெட்டரா? இரு, பொடவ மாத்திகினு வரேன்.”

அடுத்த பேருந்தில் என்னோடு ஏறிவிட்டார். வழியெல்லாம் எனக்குத்தான் திட்டு.

“நீயும் அங்கதான சார் வேல பாக்கற?”

நூலகத்தில் அதிகாரி மறுபடியும் கடிதம் கேட்டார். பிலோமினாம்மா அவரைச் சட்டை செய்யாமல் என்னிடம் திரும்பினார்.

“பாடறது யாருன்னு எழுதி வச்சிகீறீங்களா?”

கேசட் உறையைப் பார்த்தேன். ‘பாடியவர்: பெயர் தெரியவில்லை.’ படித்துக் காட்ட வாய் கூசியது.

“சூசை. எழுது,” என்றார்.

எழுதினேன். யாரையும் கேட்காமல் கேசட்டைப் போட்டேன். வலை இழுக்கிறவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி வெளியே போய்விட்டார். நான் மூன்று கேசட்டுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மாலையில் பேருந்து ஏறும்போது சொன்னார்: “பொட்டில கீறதெல்லாம் வேணும்னா வூட்டாண்ட வந்து காப்பி போட்டுக்க. கேசட்டு எங்கியும் வராது. சீக்கிரம் வா, கூர ஒழுவுது.”

வெளியூர் வேலைக்கு அனுமதி கேட்டேன். அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார் அதிகாரி. மறுநாள், காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நூலகத்தின் வேலையைச் செய்யக் கோவளம் போனேன்.