மாந்தளைக்குப் போகாத அண்ணன்

எனக்குக் கோவையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போயிற்று. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இருபதுகளின் கடைசியில் ரங்கூனில் ரயில்காரர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில் இருந்தோம். அப்பா கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அம்மா தவறிவிட்டாள். அப்பா, நான், என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன், அவ்வளவுதான் வீடு. பக்கத்து வீட்டாரிடம் உப்புக் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். பேசுவதெல்லாம் அண்ணனோடுதான்.

அண்ணன் பத்தாவது தேறினான். ரங்கூன் சர்க்கார் காலேஜில் சேர மார்க்கு போதவில்லை. ரயிலில் ஒரு ராத்திரி தூரத்து மாந்தளையிலும் ஒரு சர்க்கார் காலேஜ் இருந்தது. படிப்புச் சம்பளம் குறைவு, சாப்பாட்டுக்கு அங்கே சித்தப்பா வீடு. அங்கே இரண்டு வருஷம் படித்துத் தேறினால் மீதியை ரங்கூனில் முடிக்கலாம். அது இல்லையென்றால், ரங்கூனுக்குள்ளேயே பாதிரிமார் காலேஜ். அங்கே கட்டவேண்டிய சம்பளத்தைச் சொன்னாலே அப்பா எழுந்து போய்விடுவார். அண்ணனுக்கு மாந்தளைதான் மனசு.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"ரெண்டே வருஷந்தாம்ப்பா. அப்புறம் ட்ரான்ஸ்பர் குடுத்துருவாங்க. இங்கயே வந்துருவேன்."

அப்பா கையை உதறினார். "ட்ரான்ஸ்பர்ல போனவன் எவன்டா திரும்பி வந்தான்? நம்ம லைன்ல இருந்த ரயில் கார்டு தவுங்கூ ஊருக்குப் போனாரு. பத்து வருஷமாச்சு. இப்ப அவரு தமிழ் பேசுனா அவரு பொண்டாட்டியே சிரிக்குதாம்."

ரயில்காரர்களுக்கு அந்த வார்த்தை அப்படி. மேலதிகாரிக்குப் பிடிக்காதவனைத்தான் ட்ரான்ஸ்பர் செய்வார்கள். காலேஜிலும் அதே என்று அப்பா நினைத்துவிட்டார். அண்ணனுக்கு அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்று சாயங்காலம் காலேஜ்காரர்கள் அச்சடித்த காகிதத்தை என்னிடம் விரித்து வரி வரியாகத் தமிழில் சொன்னான்.

"இது தண்டனை இல்ல பாப்பா. தேறுனா அவங்களே இங்க சேத்துக்குவாங்க. நீ சொல்லு. நீ சொன்னா அப்பா கேப்பாரு."

எனக்கு நன்றாகவே புரிந்தது. மறுநாள் அப்பாவுக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், மோர் ஊற்றினேன். வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கூச்சம் இல்லை. அவன் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவேன்?

அண்ணன் கேட்டபோது, "சொன்னேன், அப்பா ஒத்துக்கல" என்றேன். அவன் தலையை ஆட்டினான். காகிதத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டான்.

பாதிரிமார் காலேஜ் என்று முடிவாயிற்று. "ரெண்டு பேர் சம்பளம் என்னால ஆகாதும்மா" என்று அப்பா என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். அதற்கு நான் அழவில்லை. அண்ணன் வீட்டில் இருப்பான் அல்லவா.

சேர்ந்த அன்றே வந்து பெட்டியை எடுத்தான்.

"ஹாஸ்டல்லதான் இருக்கணுமாம் பாப்பா. அதுதான் ரூலாம்."

ட்ராம் ஏறினால் போய்விடும் தூரம். முதலில் ஞாயிறுதோறும் வந்தான். பிறகு மாதம் ஒரு தரம். வந்தாலும் அப்பாவிடம் நாலு வார்த்தை, எனக்கு ஒரு சிரிப்பு. அப்பா ஷெட்டுக்குப் போனபின் சோற்றை வடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். தெருவில் போகிறவர்கள் பர்மிய மொழியில் பேசிக்கொண்டு போவார்கள்.

நான் மறைத்தது அண்ணனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது அவனும் இல்லை.

அந்தக் காலத்துக் காலேஜ் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்காக ஒன்று விசாரித்துச் சொல்ல வேண்டும். ரங்கூனிலேயே வீடு இருந்த பிள்ளைகளும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும் என்று அப்போது ரூல் இருந்ததா? இருந்தது என்றால் சரி. இல்லை என்றாலும் தயவுசெய்து சொல்லுங்கள்.