ஐப்பசிக்கு வா

இந்த வாரப் பத்தியில் எங்கள் தெருவில் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பாதி எழுதியும் விட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு ஒருவர் வந்தார். அதற்குப் பிறகு குழாயாவது, குடமாவது... எதுவும் மனசில் நிற்கவில்லை.

நான் திண்டிவனத்தில் டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிறானால் மரக்காணத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கே அம்மா தனியாக இருக்கிறாள். வயது அறுபதைத் தாண்டியும் உப்பளத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. 'வீட்ல குந்திக்கினு என்ன பண்றது?' என்பாள். அன்றும் உப்பு வாரிவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

"சேகர் வீடுங்களா?"

அம்மாவின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது.

சேகர் என் தம்பி. மிலிட்டரியில் இருந்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் கார்கில் சண்டையில் செத்துப்போனான். வீரமரணம் என்று சொல்ல வேண்டுமாம். மேடையில் பேசுகிறவர்கள் சொல்லட்டும். எங்கள் வீட்டில் அவன் செத்துப்போனான், அவ்வளவுதான்.

வந்தவர் பெயர் ஏழுமலை. வேலூர் பக்கம். தம்பியோடு ஒரே யூனிட்டில் இருந்தவர். போன மாதம்தான் ரிட்டயர் ஆனாராம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா மோர் கொடுத்தாள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"முன்னாடியே வந்திருக்கணும்மா. தைரியம் வரல."

"அதுக்கென்னப்பா தைரியம்? நம்ம வீடுதானே."

"இல்லம்மா. சித்திரையில லீவு சேகருக்குத்தான். எனக்கு அப்புறம்தான் முறை. அப்ப எனக்குப் பொண்ணு பொறந்து ரெண்டு மாசம். மொகத்தைக்கூடப் பாக்கல. ஒரு நாள் சேகர் வந்து, 'அண்ணே, நீங்க போய்ட்டு வாங்க, நான் ஐப்பசியில போய்க்கறேன்'னு சொல்லிட்டான். நான் ஊருக்கு வந்துட்டேன். சண்டை ஆரம்பிச்சு, உடனே வரச் சொல்லி தந்தி வந்து, நான் போய்ச் சேர்றதுக்குள்ள..."

மோர் தளும்பியது. அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் இருக்க வேண்டிய எடம் இல்லம்மா இது. அவன் இருக்க வேண்டியது."

அடுத்து அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த வாக்கியம் அது.

சொன்னார். "வீட்லேர்ந்து லெட்டர் வந்துச்சுன்னான். ஐப்பசிக்கு வரச் சொல்லி..."

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். புருஷனிடம்கூடச் சொல்லாதது.

உப்பளத்துக்காரர்கள் வீட்டில் வெயில் காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஊரெல்லாம் வைகாசியில் மேளம் கொட்டும். எங்களுக்கு அது உப்பு விளைகிற காலம், ஒரு நாள் கூலியை விட முடியாது. மழை இறங்கி, பாத்தியில் தண்ணீர் நின்ற பிறகுதான் பந்தல் போடுவோம். என் கல்யாணத்தையும் ஐப்பசிக்குத்தான் பேசியிருந்தார்கள். தம்பிக்கோ வருடத்துக்கு ஒரு லீவு. சித்திரையில் வந்துவிட்டால் கல்யாணத்துக்கு எப்படி வருவான்? மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் யார் போடுவது?

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் தம்பிக்கு எழுதுவேன். பங்குனியில் ஒரு இன்லேண்டு லெட்டர் எழுதினோம். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "எப்ப லீவு குடுக்கறாங்களோ அப்ப வந்துடு சாமி. கண்ணுலியே நிக்கிற."

அதை எழுதினேன். அதன் கீழே, மடிக்கிற இடத்தில், அம்மா சொல்லாத ஒன்றையும் எழுதினேன்: 'லீவை மாற்றிக்கொள். ஐப்பசிக்கு வா. நீ இல்லாமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன்.'

ஒட்டி, போஸ்ட் பண்ணிவிட்டேன்.

சித்திரையில் அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனியில் பெட்டியில் வந்தான். சீசனில் ஒரு நாள்கூட வேலையை நிறுத்தாத ஊர், அன்றைக்கு ஒருத்தரும் பாத்தியில் இறங்கவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. மோதிரத்தைச் சித்தப்பா மகன் போட்டான். அவன் இல்லாமல் தாலி கட்டிக்கொண்டேன்... பார்த்தீர்களா?

சரி, ஏழுமலை சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் அம்மா பேசினாள்.

"நான்தாம்பா அப்டி எழுதச் சொன்னேன். இவ கல்யாணம் ஐப்பசியில இருந்துச்சு. நான் சொன்னதைத்தான் இவ எழுதினா. நீ எதுக்கு மனசுல வச்சிக்கினு கஷ்டப்படற? பொண்ணைக் கூட்டிக்கினு ஒரு வாட்டி வா."

அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா பொய் சொன்ன?"

அம்மா எழுந்தாள். உள்ளே போய் ஒரு பிஸ்கெட் டப்பாவை எடுத்து வந்தாள். அந்த டப்பாவை எனக்குத் தெரியும். போன மார்கழியில் கடல் பொங்கி வந்தபோது, எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, இவள் அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ரேஷன் கார்டுக்காக உயிரை விடுவியா என்று அன்றைக்குத் திட்டினேன்.

ரேஷன் கார்டுக்கு அடியில் ஒரு கவர். தம்பியின் கையெழுத்து.

"சண்டையில எங்கியோ தங்கி, காரியம் முடிஞ்ச மறு வாரம் வந்துச்சு. நீ ஸ்கூலுக்குப் போயிருந்த. போஸ்ட்மேன்தான் படிச்சுக் காட்டினாரு. அக்கா எழுதினா, அதான் லீவை மாத்திக்கினேன்னு எழுதியிருந்தான்."

"அப்பவே தெரியுமா? ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"ஒண்ணு போயிடுச்சு. இருக்கற ஒண்ணையும் எதுக்குடி குத்திக் கொல்லணும்?"

அழுதேன். டீச்சர், பத்தி எழுதுகிறவள், எல்லாம் மறந்து, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதேன்.

அம்மா காத்திருந்தாள். பிறகு கவரை என் மடியில் வைத்தாள்.

"அந்த போஸ்ட்மேன் மாத்தலாயி பூட்டாரு. வேற யாருகிட்ட குடுத்தாலும் உன் காதுக்கு வந்துடும். அதான்... அன்னிக்கு ஒரு வாட்டி கேட்டதுதான். இப்ப நீ படி."

மகனின் கடைசி லெட்டர். ஆறு வருடமாகக் கையில் இருக்கிறது. படித்துக்காட்ட வீட்டில் ஒருத்தி இருந்தாள். அந்த ஒருத்திக்காகத்தான் அம்மா அதைக் கேட்காமலே இருந்திருக்கிறாள்.

பிரித்தேன். 'அம்மா, நான் நல்லா இருக்கேன். அக்கா சொன்னபடி லீவை மாத்திட்டேன். மச்சான் மோதிரம் நான்தான் போடுவேன்னு சொல்லு. உப்பு எப்படி விளையுது? மழை எதுவும் வந்துடலியே?'

கடைசி வரி வரை படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள் அம்மா.